செவெரினோ விட்டு எழுந்த நாற்காலி

பாதிரியார் அவர்களே, கட்சித் தலைவர் அபுந்தியோ அவர்களே, இழவு வீட்டு வழக்கப்படி பின்வரிசையில் சீட்டாடும் சொந்தங்களே, வணக்கம். சீட்டைக் கீழே வைக்க வேண்டாம். பெட்டிக்குள் படுத்திருக்கும் அவருக்கும் அது பிடிக்கும். நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. சோற்றுக்கடை அடுப்பு முன்னால் நின்று பழகியவள்.

என் கணவர் மாண்புமிகு செவெரினோ பாகுனாஸ் தலைநகர் மணிலாவின் நாடாளுமன்றத்தில் மூன்று முறை நம் தொகுதி உறுப்பினர். பாலம் வந்தது யாரால்? அவரால்! தீவுக்கு மருத்துவப் படகு வந்தது யாரால்? அவரால்! ஆனாலும் அவர் பதவி நாற்காலியில் உட்கார்ந்ததைவிட எழுந்ததுதான் எனக்குப் பெருமை.

மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்பது சட்டம். நம் வழக்கம் என்ன? கணவன் எழுந்தால் மனைவி உட்கார்ந்து நாற்காலியைச் சூடாக வைத்திருப்பாள். அடுத்த முறை அவன் திரும்பி வருவான். என்னை யாரும் கேட்கக்கூட இல்லை. சாயம் மிச்சம் என்று கட்சிக்காரர்கள் தேர்தல் சுவரில் அவர் படத்தை அப்படியே விட்டு, பெயரின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினார்கள். செவெரினோ, செவெரினா ஆகிவிட்டார்! என் பெயரோ ஃபெலிசா.

"யாருடி இந்த செவெரினா? எனக்கே தெரியாம எனக்கொரு பொண்டாட்டியா?" என்றார்.

"படத்தைப் பாருங்க, அவளுக்கும் உங்க மீசைதான்," என்றேன்.

சிரித்துக்கொண்டே சுண்ணாம்பு வாங்கி வந்து அவரே சுவரை வெள்ளையடித்தார். அபுந்தியோ ஓடி வந்தார். "அண்ணே, சட்டத்துல இடம் இருக்கே!"

"இடம் இருக்குடா. அது அடுத்தவங்களுக்கு."

அந்த இடத்துக்கு நர்ஸ் நோர்மிதா வந்தாள், நன்றாகவே செய்தாள். இவர் என் கடையில் தட்டு கழுவினார். "அண்ணே, மணிலாவுல அரசியல் அழுக்கைக் கழுவினது பத்தலையா?" என்று மீனவர்கள் கேலி செய்வார்கள். "அங்க கழுவ விடலையேடா!" என்பார். எப்பேர்ப்பட்ட சிரிப்பு அது! இனி எங்கே கேட்பேன்?

இப்போது நோர்மிதாவுக்கும் மூன்று முறை முடிகிறது. நேற்று சவப்பெட்டி பக்கத்திலேயே அபுந்தியோ குனிந்து சொன்னார்: "அண்ணி, கூட்டத்தைப் பாருங்க. நீங்க நின்னா போதும், அழுதுகிட்டே ஓட்டுப் போடுவாங்க."

என் கணவர் உடல் பக்கத்தில் சண்டை வேண்டாம் என்று பதிலை இன்றைக்குத் தள்ளி வைத்தேன். இப்போது எல்லார் முன்னும் சொல்கிறேன், தம்பி அபுந்தியோ. நான் நிற்க மாட்டேன். என் மகளும் நிற்க மாட்டாள். அவர் செய்த வேலையை நான் தொடரப்போவது இப்படித்தான்.

அடக்கம் முடிந்ததும் யாரும் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, ஆவி பின்னாலேயே வரும் என்போம். எல்லாரும் என் கடைக்கு வாருங்கள். பன்றி வறுவல் தயாராக இருக்கிறது. பெரிய அரசியல் குடும்பம் இல்லை, ஆனால் தேர்தலில் நிற்க ஆசை இருக்கிறது என்பவர்கள் அங்கே எழுந்து பெயரைச் சொல்லுங்கள். ஆவி வந்தால் வரட்டும், அவரும் கேட்கட்டும். முதலில் கை தட்டுவது நான்தான்.