பேர் மாத்தின வாக்குமூலம்

இல்லைங்க சார், அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. டைரக்டர் மேடம் வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். நானா? நான் இந்த மனித உரிமை அமைப்புல வாக்குமூலம் எழுதுறவ. லாக்கப்ல அடி வாங்கினவங்க, காணாமப் போனவங்க வீட்டு ஆளுங்க, எல்லாரும் என் எதிர்ல உக்காந்துதான் சொல்லுவாங்க. ஒன்பது வருஷமா இதே வேலைதான்.

ஆமா, அந்தத் தையல்காரர் கேஸும் நான் எழுதினதுதான். எங்க அமைப்புக்கு நிதி குடுத்த கையோட உங்க வெப்சைட்லயும் போட்டீங்களே, அதேதான். நல்லா இருந்துச்சா? சந்தோஷம்.

அந்த ஆளு லேசுல வாயைத் திறக்கலை சார். மூணு தடவை வந்துட்டு ஒண்ணும் சொல்லாமத் திரும்பிப் போனாரு. மேடம்தான், இந்தப் பேப்பர் இந்த பீரோவை விட்டு வெளிய போகாது, என்னை நம்புங்கன்னாங்க. நம்பினாரு. அடிச்ச இன்ஸ்பெக்டர் பேரு முதற்கொண்டு சொன்னாரு.

அப்புறம் உங்க நிதிக்கு விண்ணப்பம் போடுற நேரம் வந்துச்சு. உண்மையா நடந்த கேஸ் ஒண்ணு இணைக்கணும்னு உங்க படிவத்துல இருக்குல்ல? மேடம் பீரோவைத் திறந்தாங்க. என்னங்க இதுன்னு கேட்டா, பேரைத்தான் மாத்திட்டோமேன்னாங்க. மாத்தினாங்க, இல்லேங்கலை. ஆனா அடிபட்டதுல வலது கையில ரெண்டு விரல் மடங்காது, இடது கையாலதான் துணி வெட்டுறாருன்னு நான் எழுதியிருந்தேன் பாருங்க, அதை அப்படியே விட்டுட்டாங்க. படிக்கிறவங்க மனசைத் தொடுமாம். இந்த ஊர்ல அப்படி எத்தனை தையல்காரர் இருப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

வெப்சைட்ல வந்த அஞ்சாம் நாளு, தைச்சுக்கிட்டு இருந்தவரை அப்படியே எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னியோட பதினேழு நாள். ஸ்டேஷன்ல கேட்டா, அப்படி யாரையும் கூட்டிட்டு வரலையேங்கறாங்க.

வயிறு எரியுது சார். போலீஸ்கிட்ட நான் எதையும் எதிர்பார்க்கலை, அவங்க அப்படித்தான். ஆனா மேடத்தை நான் தலையில தூக்கி வெச்சு ஆடினேன். யாராவது ஒரு வார்த்தை தப்பாப் பேசினாக்கூட சண்டைக்குப் போவேன். என் புத்தியைச் சொல்லணும்.

நேத்துக் கூப்பிட்டாங்க. அழுதாங்க, மன்னிச்சுக்கோன்னாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்த நிமிஷமே, காணாமப் போனதையும் ஒரு வாக்குமூலமா எழுதிடு, அடுத்த விண்ணப்பத்துக்கு ஆகும்னாங்க.

எழுதிட்டேன். இந்தாங்க, அவங்க வர்றதுக்குள்ள நீங்களே படிச்சுப் பாருங்க. தகவல் குடுக்குறவர் என்ன உறவுன்னு மேல ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல அக்கான்னு போட்டிருக்கேன். ஆமா சார், என் கூடப்பொறந்த தம்பி. இங்க வந்து சொல்லுடான்னு சொன்னதும் நான்தான். நான் சொன்னா அவன் தட்ட மாட்டான்.