குரோத் என்று ஒரு சொல்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அம்மா அவர்களே, எங்கள் காய்ச்சலையும் கண்ணீரையும் ஒரே கையால் துடைக்கும் செவிலியச் சகோதரிகளே, வெள்ளைக் கோட்டின் மடிப்புக் கலையாத இளம் மருத்துவர்களே, முழங்கால் வலியோடு முன்வரிசை தேடி வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு தையல்காரியின் தாழ்மையான வணக்கம்.

இந்த மருத்துவமனையின் ஆண்டு விழாவில் பேச என்னை அழைத்தார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க விருப்பம்மா" என்றார்கள். நான் விரும்பி எடுத்தது ஒரே ஒரு சொல். ஆங்கிலச் சொல். குரோத்.

அகராதியைக் கேட்டால் வளர்ச்சி என்கிறது. பயிர் வளர்கிறது, பிள்ளை வளர்கிறது, பிறை வளர்கிறது, புகழ் வளர்கிறது. சொல்லும்போதே வாய் இனிக்கும் வார்த்தைக்குள் வஞ்சகம் இருக்குமென்று யாருக்குத் தோன்றும்?

நான் வேலை பார்ப்பது துணித் தொழிற்சாலையில், சட்டைக் காலர் தைக்கும் வரிசையில். ஆண்டுக்கொரு முறை மேலாளர் வந்து நின்று, "இந்த வருஷம் நல்ல குரோத்" என்பார். கை தட்டுவோம். ஆளுக்கொரு மிட்டாய்ப் பொட்டலம் வரும். என்ன ஐயா கேட்கிறீர்கள், சம்பளம் வளர்ந்ததா என்றா? அது கைக்குழந்தை ஐயா, இன்னும் தவழ்கிறது.

சிரியுங்கள். நானும் அன்று சிரித்தவள்தான். எனக்கு அந்தச் சொல் மிட்டாயோடு வந்த சொல்.

என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். அவர் வந்தால் விடுமுறை, போனால் கடல். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாற்பதைத் தாண்டியபின், அவர் விடுமுறை முடிந்து போன சில வாரங்களில், எனக்கு நாள் தள்ளிப்போனது. வயிறு கனத்தது. கடையில் விற்கும் கர்ப்பச் சோதனைப் பட்டையை வாங்கப் பயந்தேன். அது என்னைப் பலமுறை அழவைத்த பட்டை. நேரே ஸ்கேனுக்குப் போனேன்.

திரையைப் பார்த்தபடி அந்தப் பெண் சொன்னாள்: "உள்ள ஒரு குரோத் தெரியுதுங்க. வாரக் கடைசில டாக்டரைப் பாருங்க."

"நல்லா வளருதாம்மா?"

"ஆமா, கொஞ்சம் பெருசாவே இருக்கு. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

அவள்மேல் குற்றமில்லை. வாசலில் அவ்வளவு கூட்டம்.

கப்பலுக்குப் பேசினேன். "உள்ள வளருதுங்க" என்றேன். இயந்திரச் சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்தார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். அன்று கப்பலில் எல்லோருக்கும் இனிப்பு செய்து போட்டாராம்.

ஒற்றைத் தட்டு கழுவும் வீட்டில் முதல் முறையாக நாங்கள் இருவர் இருந்தோம். குழம்பில் உப்பு போதுமா என்று வயிற்றைக் கேட்டேன். தனியாக வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பதில் வராவிட்டாலும் கேட்க ஓர் ஆள் இருப்பது எத்தனை பெரிய செல்வம் என்று.

வாரக் கடைசியில் டாக்டர் கேட்டார்: "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"நாங்க ரெண்டு பேருதான் டாக்டர்" என்று வயிற்றைத் தொட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குழந்தை இல்லம்மா. அது கட்டி. எடுத்தாகணும்."

ஆம், அதற்கும் குரோத் என்றுதான் பெயர். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதை கேட்டிருக்கிறீர்கள். என் கடா நான் பேசப் பேச உள்ளே வளர்ந்திருக்கிறது.

கையெழுத்துப் போட உறவு வேண்டும் என்றார்கள். எங்கள் வரிசையின் மேற்பார்வைக்காரி வந்தார். அதட்டியே பேசுவதால் விசில் என்று நாங்கள் பட்டம் வைத்தவர். "என்ன உறவுன்னு கேட்டாங்க. அக்கான்னு போட்டுட்டேன். திருத்தாத" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினார். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

பிறகு கப்பலுக்குப் பேசி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கட்டியாங்க. எடுத்துட்டாங்க. கர்ப்பப்பையும் போச்சு."

"நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்டியா?"

அவ்வளவுதான் பேசினார். அவர் பிள்ளைக்குப் பெயர் தேர்ந்து வைத்திருந்தார் என்பதைப் பின்னாளில் அவர் நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. விடுமுறையில் வந்தாலும் ஒரே கூரையின்கீழ் அந்தப் பெயரோடு அவர் தனியே இருக்கிறார், அது தெரியாமல் நான் தனியே இருக்கிறேன்.

இளம் மருத்துவர்களே, தலை குனியாதீர்கள். நான் வழக்காட வரவில்லை, வரம் கேட்க வந்திருக்கிறேன். கட்டியென்றால் கட்டி என்று சொல்லுங்கள். கனிவோடு சொல்லுங்கள், கதவைச் சாத்திச் சொல்லுங்கள், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பாதிச் சொல்லைக் கொடுத்தால் மீதியை எங்கள் ஆசை எழுதிக்கொள்ளும். அந்த எழுத்தை அழிக்க எந்தக் கத்தியால் முடியும்?

அன்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டவர்தான் இன்று இங்கே தலைமை ஏற்றிருக்கிறார். அம்மா, உயிர் தந்ததற்கு நன்றி. உண்மை தந்ததற்கு அதைவிடப் பெரிய நன்றி. விடுப்பு நாட்களில் நான் ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில் இருப்பேன். தனியாக வருகிறவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இடம் இருக்கிறது. இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி அமர்கிறேன்.