கண்ணை மூடி ஆடியவள்

மாத்தே டீயில் சர்க்கரை போட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது. நீங்கள் அன்போடு நீட்டினீர்கள், குடித்துவிட்டேன் மேடம். டான்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒஸ்வால்தோ வாத்தியாரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் மேல் தப்பில்லை.

அயெலேனும் நானும் ஒரே ஊர். ரொசாரியோவுக்குப் படிக்க வந்து ஒரே அறையில் இருந்தோம். எனக்கு அது போதும். அவளுக்குத்தான் எதுவும் போதாது. முதல் வகுப்பு இலவசம் என்று பல்கலைக்கழகச் சுவரில் எந்த நடனத்துக்கு நோட்டீஸ் ஒட்டினாலும் போய் நிற்பாள். சல்சா, பச்சாத்தா, முரசடித்து ஆடும் கந்தோம்பே, ஒன்றையும் விடவில்லை. நானும் கூடவே போவேன். முன்பின் தெரியாத நகரத்தில் அவளை எப்படித் தனியாக விடுவது?

"மைதே, நீ என்னடி என் வாலா? ஒரு கிளாஸுக்காவது என்னைத் தனியா விடேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கந்தோம்பே வகுப்பில் பிலார் என்று ஒருத்தி வந்து ஒட்டிக்கொண்டாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நல்லவேளை, அடுத்து டாங்கோ வந்தது.

டாங்கோ வகுப்பில் பையன்கள் குறைவு. அதனால் நடத்திச் செல்லும் பங்கை நான் கற்றுக்கொண்டேன். நடத்துகிறவர் முன்னோக்கி நடப்பார். ஜோடி கண்ணை மூடிக்கொண்டு பின்னோக்கி நடப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் நடத்துகிறவர் பொறுப்பு. அயெலேன் என்மேல் சாய்ந்து கண்ணை மூடும்போது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

"ஜோடி மாத்துங்க பிள்ளைங்களா! ஒரே ஆளைக் கட்டிக்கிட்டு அழாதீங்க" என்று வாத்தியார் கைதட்டுவார். அவள்தான் முதலில் கையை உருவிக்கொள்வாள்.

கோடை நெருங்கும் நவம்பர் புழுக்கத்தில் வகுப்பு மொட்டைமாடிக்கு மாறியது. அங்கே தரை நடுவில், கீழ் முற்றத்துக்கு வெளிச்சம் விடும் பழைய கண்ணாடி. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று வாத்தியார் சுற்றிலும் நாற்காலி போட்டிருந்தார். அவர் கவனமான மனிதர்.

அன்று படியேறும்போது அயெலேன் சொன்னாள்: "கோவிச்சுக்காத மைதே. அடுத்த மாசம் பிலார் ரூமுக்குப் போயிடுறேன். உன்கூட இருந்தா மூச்சு முட்டுதுடி."

"சரி. கடைசியா ஒரு பாட்டு ஆடிடலாம்" என்றேன்.

"அவ்வளவுதானே? வா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

களைத்துப்போய் நின்ற இரண்டு பெண்களுக்கு கண்ணாடி ஓரத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் நன்றி சொன்னார்கள். பிறகு நாங்கள் ஆடினோம். நான் தள்ளவில்லை, மேடம். டாங்கோவில் யாரும் தள்ளுவதில்லை. நெஞ்சை இம்மியளவு முன்னால் கொடுத்தால் அவள் கால் தானாகப் பின்னால் போகும். கண்ணாடி மேல் அவளுடைய இரண்டு காலும் வந்த பிறகு கையை எடுத்தேன்.

கீழ் முற்றத்தில் விழுந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்கிறார்கள். பிலார் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அப்புறம் ஆளையே காணோம். அயெலேனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா என் பொண்ணு கதி என்னம்மா" என்று அழுதார்கள். இதெல்லாம் சரிதான். ஆனால் வகுப்பில், "பாவம் மைதே, புதுசுதானே, பின்னாடி பாக்காம விட்டுட்டா" என்று பேசிக்கொள்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு அடியும் எங்கே விழும் என்று பார்த்துத்தான் நடத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கட்டிலருகே போனால் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வலி இருக்கும் போல.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள், மேடம். சாயங்காலம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வேறு யாராவது தொட்டால் அவள் பயந்துவிடுவாள்.