நடு ஆற்றில் கேட்ட இரண்டு வெடி

குவாச், இவர்கள் எழுதட்டும். நீயும் கேட்டுக்கொள்.

(இறந்த கணவரை அவருடைய சிறுத்தைப்புள்ளிக் காளையின் பெயரால் அழைத்துத் தொடங்கினார். அவர் கேட்டுக்கொண்டபடி அப்படியே எழுதப்பட்டது.)

என் பெயர் நியாருவாச். வயது நாற்பது இருக்கும். தெற்கு சூடானில் சோபாத் ஆற்றின் தென்கரையில், அரசுப் படைச் சாவடிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். படித்ததில்லை. இறந்துபோன பிலியுவுக்கு நான் மூத்த மனைவி. இளையவள் நியாகோவா வடகரையில் இருக்கிறாள். அவளுடைய அண்ணன்மார் இருவர் அந்தக் கரையிலுள்ள எதிர்ப்படையில் இருக்கிறார்கள்.

போர்நிறுத்தம் என்று ரேடியோவில் சொன்ன ஐந்தாம் நாள், நியாகோவாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததாக மீன்காரர்கள் வந்து சொன்னார்கள். எனக்கு மூன்றும் பெண். அதன்பிறகு மறுநாள் காலை என் கணவர் என் முளையில் கட்டியிருந்த வெள்ளைப் பசுவை அவிழ்த்தார். அது என் அடுப்புக்கென்று ஒதுக்கிய பசு. ஒருத்திக்கு ஒதுக்கிய பசுவை இன்னொருத்தி வீட்டில் கட்டுவது எங்களில் வழக்கமில்லை. நான் கயிற்றைப் பிடித்தேன்.

"அவளுக்குப் பால் ஊறல, புள்ள கத்துது. ரெண்டு மாசத்துல ஓட்டியாந்துடுறேன். நீ பால் குடிச்சு இனிமே வளரவா போற?" என்று சிரித்தார்.

"அப்ப என் பாயையும் சுருட்டித் தாரேன், அவளுக்கே விரிச்சுடு" என்றேன்.

அவர் பசுவைப் படகோடு சேர்த்துக் கட்டி நீந்தவிட்டார். துடுப்புப் போடும்போது பாடினார். என் வீட்டுக்கு வரும்போது அவர் பாடி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு நான் சாவடிக்குப் போய் சார்ஜென்டிடம், "அந்த மாடு அவ அண்ணன்மாருக்குக் கறிக்குப் போவுது" என்று சொன்னேன். அது பொய். அவரைத் திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் சொன்னேன். சார்ஜென்ட், "திருப்பிடலாம், நீ போயி கூழைக் காய்ச்சு அக்கா" என்றார். நான் போகவில்லை, கரையிலேயே நின்றேன். சாவடியிலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டார்கள். நடு ஆற்றில் படகு இந்தப் பக்கம் திரும்பியது. அதன்பிறகும் சாவடியிலிருந்து இன்னொரு வெடி வந்தது. அது அவர் நெஞ்சில் பட்டது. படகு எங்கள் கரையில் ஒதுங்கியது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தக் கரையில் ஏறிப் போய்விட்டது.

அதன்பிறகு இரண்டு படைக்காரர்களும் யார் போர்நிறுத்தத்தை மீறியது என்று தகராறு செய்தார்கள். காயம் நெஞ்சில் இருக்கிறது, அவர் போன திசை வடக்கு, ஆகையால் சுட்டது வடகரை என்று சாவடிக்காரர்கள் சொன்னார்கள். சுட்டது தென்கரை, "என்னைப் பார்க்க வந்தவரைக் கொன்னுட்டாங்க" என்று நியாகோவா எழுதிக் கொடுத்தாள். அதைச் சாவடியில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'என்னைப் பார்க்க' என்ற இடத்துக்குமேல் என் காதில் ஏறவில்லை. அவள் சொன்னது மெய்யாக நிற்கக்கூடாது என்று, சுட்டது வடகரைதான் என நான் அங்கே கொடுத்த முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அதைக் காட்டி மறுநாள் இங்கிருந்து ஷெல் அடித்தார்கள். அங்கே ஆறு பேர் செத்தார்கள். எல்லாரும் ஊர் சனம். நியாகோவாவின் குழந்தையும் அதில் ஒன்று. அதற்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவள் அழுததை இந்தக் கரையில் நின்று கேட்டேன். அதன்பிறகே போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவான உங்களைத் தேடி வந்தேன். முதலில் சொன்னதை அடித்துவிடுங்கள்.

எழுதியதை என் பேச்சில் வாசித்துக் காட்டினார்கள். கூட்டியும் குறைத்தும் இல்லை, நடந்தது இதுதான். யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை.

நியாருவாச், இடது பெருவிரல் ரேகை.

(ரேகை வைத்தபின் சொன்னது, சேர்த்து எழுதப்பட்டது.)

குவாச், அந்த முதல் வெடிக்குப் பயந்து படகைத் திருப்பினாயா, இல்லை நான் கரையில் நிற்பதைப் பார்த்துத் திருப்பினாயா?