நாலாவது மாடி, கிழக்குப் பார்த்த வாசல்

நாலாவது மாடியில் கொசு கிடையாது. வீடு தேடுகிறவர்கள் இதை யாரும் விசாரிப்பதில்லை. வாசல் எந்தத் திசை, கார் நிறுத்த இடம் உண்டா, தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள். கொசுவைப் பற்றிக் குடிபோன பிறகுதான் தெரியவரும். உங்களுக்கும் இன்னும் சொந்த வீடு அமையவில்லை என்று ஏட்டு சொன்னார், இன்ஸ்பெக்டர் சார். அதனால் சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் பட்டாபி. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக உதவியாளர். லஞ்சம் வாங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னால் ஏன் வீடு வாங்க முடியவில்லை என்பதற்கு விளக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்.

2003இல் நானும் மனைவி காமுவும் சிங்கப்பெருமாள் கோயிலில் புதிதாகக் கட்டிய இந்த அடுக்ககத்துக்கு வாடகைக்கு வந்தோம். முதல் மாடி. மொத்தம் நாலு மாடி, எட்டு வீடு, ஒரு லிஃப்ட். அப்போதே ஒரு வீட்டை வாங்கியிருக்கலாம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடத்துக்குள் பக்கத்துத் தொழில் நகரத்துக்குப் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அடையாள அட்டை, ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு வங்கி. என் சம்பளம் வருடத்துக்கு ஒரு முறை ஏறியது. வீட்டு விலை, தரகர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தோம். கருங்குழியில் ஒரு மனை, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம் என்றார்கள். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் ஒரு மணி நேரம் நடந்தோம். நெம்மேலியில் கடல் பார்த்த ஃபிளாட் என்றார்கள். கடல் இருந்தது. ஃபிளாட் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கல்லும் ஒரு கொடியும் மூன்று ஆடுகளும் இருந்தன. காமுவுக்கு இதய வால்வில் பழைய கோளாறு. மணலில் நடந்ததற்கே மூச்சு வாங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்னா, நமக்குன்னு சொந்தமா ஒரு ஆம் இந்த ஜன்மத்துல உண்டா? இல்லே, இப்படியே ஊர் ஊராப் போய் ஆடு மேயறதைப் பாத்துண்டு இருக்கப்போறோமா?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நான் செய்தது அத்தனையும் அவளுக்காகத்தான். இந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு எழுதச் சொல்லுங்கள்.

எட்டு வீட்டில் நான் ஒருவனே வாடகைக்காரன். இருந்தும் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைத்தான் செயலாளர் ஆக்கினார்கள். வீடு வாங்கியவர்களுக்கு வங்கிக் கடன் அடைக்கவே நேரம் போதவில்லை. மோட்டார், தண்ணீர் லாரி, லிஃப்ட் அறைச் சாவி எல்லாம் என் பொறுப்பு.

நாலாவது மாடியில், கிழக்குப் பார்த்த வீட்டில், சுப்புராமன் மாமா இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வரலட்சுமி, மகன் ஸ்ரீவத்ஸன், மருமகள் மீரா. வீடு மகன் பெயரில். ஒரு நாள் மாமா டாக்டரின் கடிதத்தோடு என்னிடம் வந்தார். இதயம் பலவீனம், மாடிப்படி ஏறவே கூடாது என்று எழுதியிருந்தது.

"முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பச்சைக்கொடி காட்டினேன். இப்போ எனக்கு இவன் சிவப்புக்கொடி காட்டறான். லிஃப்ட்டை மட்டும் நிக்காம பாத்துக்கோ, பட்டாபி" என்றார்.

கடிதத்தைச் சங்கத்து ஃபைலில் போட்டேன். ஃபைலில் போட்டதை மறக்கிறவன் அல்ல நான்.

ஆனால் அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. யோசனையைக் கொடுத்தவன் ஆகிப். லிஃப்ட் பராமரிப்புக்கு வருகிற பையன், கெட்டிக்காரன். கிரீஸ் போட்டுக்கொண்டே ஒரு நாள் சொன்னான்: "எங்க அத்தா மூணாவது தெருவுல ஒரு வூடு முடிச்சிட்டாரு சார். மார்க்கெட்டு வெலையில பாதி."

"பாதியா? வில்லங்கம் ஏதாவது இருக்கப்போறது."

"வில்லங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வூட்டுப் பெரியவரு ஏதோ ராங் ஸ்டாருல செத்துப் பூட்டாராம். ஆறு மாசம் வூட்டப் பூட்டிவெக்கணுமாம். உங்க ஆளுங்க ஒருத்தரும் கிட்ட வர்ல. எங்களுக்கு இன்னா சார் ஸ்டாரு? சுவிட்ச போட்டா லைட்டு எரியுது, கொழாய தொறந்தா தண்ணி வருது. வூடு சோக்கா கீது."

உங்கள் வீட்டில் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. அவிட்டத்தின் பின்பாதி, சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய நட்சத்திர நாட்களில் ஒருவர் இறந்தால், உயிர் போன வீட்டை ஆறு மாதம் அடைத்துப்போட வேண்டும். அடைப்பு என்பார்கள். அந்தக் காலத்து வீடென்றால் ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு மற்றதில் புழங்கலாம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், கூடத்தில் உயிர் போனால் எதைப் பூட்டுவது? வெளியே வாடகை, உள்ளே வங்கித் தவணை. ஆறு மாதம் தாங்குகிறவர்கள் குறைவு. விற்றுவிட்டுப் போவார்கள். வாங்குகிறவர்களும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள்தானே. விலை தானாக இறங்கும். பத்து வருடமாக அரசாங்கத்தால் இறக்க முடியாத விலையைப் பஞ்சாங்கம் இறக்குகிறது.

மாதத்துக்கு ஏறக்குறைய ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் லிஃப்ட்டின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். 'லிஃப்ட் பழுது, தயவுசெய்து ஒத்துழைக்கவும்' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். ஆறாம் நாள் சுவிட்சை மேலே தள்ளினேன். யாரையும் நான் தொடவில்லை. சொல்லப்போனால் பொது மின்கட்டணம் குறைந்தது, பொதுக்குழுவில் பாராட்டினார்கள்.

முதல் இரண்டு மாதம் மாமா அந்த நாட்களில் கீழே இறங்கவில்லை. ஆனால் ரயில்வேக்காரர், சாயங்கால வண்டியை ஸ்டேஷனில் போய்ப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்றாம் மாதம் இறங்கினார். இறங்கினால் ஏற வேண்டுமே. 2006 மாசியில், ரேவதியன்று, போய்ச் சேர்ந்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில்.

அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். நட்சத்திரம் பார்த்தேனே தவிர இடம் பார்க்கவில்லை. வாத்தியார் வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "படிக்கட்டு பொதுவாச்சே. எந்த ஆத்தைன்னு அடைக்கறது? தோஷத்துக்குச் சாந்தி பண்ணிடலாம், போறும்" என்றார். ஸ்ரீவத்ஸன் என் பக்கம் திரும்பி, "மாமா, பத்திரத்துல படிக்கட்டு யார் பேர்ல இருக்கு?" என்றான். பொதுப் பகுதி, எட்டு பேருக்கும் பங்கு என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. பொய் சொல்வது என் சுபாவமில்லை.

அந்த வருடம் விலை இன்னும் ஏறியது. எங்கள் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினார். காமு ஒன்றும் கேட்கவில்லை; கேட்காமல் இருப்பதும் ஒரு கேள்விதானே.

வரலட்சுமி மாமிக்கு இளைப்பு உண்டு. கணவர் போனதிலிருந்து அதிகமாகியிருந்தது. தினமும் சாயங்காலம் நரசிம்மரைச் சேவித்துவிட்டு வருவார். மறு வருடம் ஒரு சதய நாளில் கோயிலிலிருந்து திரும்பியவர் அட்டையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னிக்கும் இல்லையா, பட்டாபி? இந்த லிஃப்ட்டுக்கு மாசாமாசம் என்னதான் வரது?"

"மெதுவாப் போலாம் மாமி. நான் கூட வரேன்" என்றேன்.

பையை வாங்கிக்கொண்டேன். கையைப் பிடித்து ஏற்றினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடப் பார்த்தார். அங்கே மட்டும் உட்கார விடவில்லை. "இன்னும் பதினெட்டே படி மாமி. ஆத்துக்குப் போயிடலாம்" என்றேன். ஒரு தவறை இரண்டு முறை செய்கிறவன் அரசு வேலையில் இருபத்தெட்டு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது.

பையிலிருந்த சாவியால் கதவைத் திறந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். மகனும் மருமகளும் வேலையிலிருந்து வரவில்லை. மாமியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "ஸ்ரீக்குப் போன் பண்ணு" என்றார். செல்போன் என் சட்டைப்பையில் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஏதாவது ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டடம். பிழைத்துக்கொண்டால் அது இன்னொரு சிக்கல். எனவே பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும். நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. ஒரு வயதான பெண்மணியைத் தனியாகச் சாகவிடுவது என்னால் முடியாது.

அப்போதுதான் கவனித்தேன். விளக்கு வைக்கிற நேரம், கிழக்கு ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது, ஒரு கொசு இல்லை.

இந்த முறை வாத்தியாருக்குச் சந்தேகமே இல்லை. சதயம், சொந்த வீடு, நடுக்கூடம். காரியங்கள் முடிந்ததும் வீட்டை அடைத்துவிட்டுத் தாம்பரத்தில் வாடகைக்குப் போனார்கள். மீரா திரும்பி வரவே மாட்டேன் என்றுவிட்டாள். மூன்றாம் மாதம் ஸ்ரீவத்ஸன் என்னிடம் வந்து, "யாராவது வாங்குவாளா மாமா?" என்றான். வந்தவர்கள் எல்லாரும் பாதிதான் சொன்னார்கள். நான் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே கொடுத்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மாவும் அதே கையைத்தான் பிடித்தார் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, பத்திரப்பதிவு மறுநாள்தான்.

நான் சாஸ்திரம் மீறுகிறவன் அல்ல. மீதி மூன்று மாதமும் பூட்டியே வைத்திருந்து, புண்ணியாகவாசனம் செய்த பிறகுதான் பால் காய்ச்சினோம்.

சாமான் மாற்றும்போது என் பழைய தினசரிக் காலண்டர்கள் காமுவின் கையில் சிக்கின. மாதாமாதம் ஐந்து நாளைச் சுழித்திருந்தேன். அவளும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவள். ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சமையல் வழக்கம்போல நடக்கிறது. ஆனால் அன்றிலிருந்து லிஃப்டில் கால் வைப்பதில்லை. காய்கறிப் பையோடு நாலு மாடியும் படியேறித்தான் வருகிறாள், அந்த வால்வை வைத்துக்கொண்டு. எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். இவளுக்காகத்தானே இத்தனையும்.

நீங்கள் மேஜையில் பரப்பியிருக்கிற ஆகிப்பின் சர்வீஸ் சீட்டுகள் சரியானவைதான். 'பழுது ஏதும் இல்லை, மெயின் ஆஃப்' என்று தேதியோடு எழுதிவைத்திருக்கிறான். கெட்டிக்காரன் என்று முதலிலேயே சொன்னேன். காலண்டர்களை உங்களிடம் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. இன்று பூரட்டாதி. காமு இந்நேரம் கடைத்தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பாள். யாரையாவது அனுப்பி அவளை இன்றைக்கு மட்டும் லிஃப்டில் போகச் சொல்லுங்கள். கேட்கமாட்டாள் என்றால், களைப்பாக இருந்தால் மூன்றாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துகொள்ளச் சொல்லுங்கள். அது பொது இடம், பரவாயில்லை. வீட்டுக்குள் வந்து ஏதாவது ஆகிவிட்டால் ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். இப்போதுதான் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள்.