இரண்டு விதிகளுக்கு நடுவே ஒரு மனிதர்

இல்லை... விதி தவறு என்று நான் சொல்லவில்லை. பயன்பாட்டில் இல்லாத போன் நம்பரை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது விதி. காப்பீட்டுச் செய்தியைப் பதிவான நம்பருக்கே அனுப்புவதும் விதி. இரண்டும் சரி. ஒரு சிறிய கதை இருக்கிறது, கேளுங்கள் தோழர்களே.

ஈரோட்டில் ஜவுளிக் கிடங்கில் வேலை பார்க்கும் சுகந்தி, புது சிம் வாங்கினார். வேலாயுதம் என்பவருக்கான செய்திகள் அதில் வரத் தொடங்கின. மருத்துவக் காப்பீடு முடியப் போகிறது. இந்த வாரமே கடைசி.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் பேசினார்.

“நீங்க பாலிசிதாரருங்களா?”

“இல்லீங்க. அவர் நம்பர் இப்ப எங்கிட்ட இருக்குது. மாத்திக்குங்க.”

“அதை அவருதாங்க சொல்லணும்.”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

“மெசேஜ் அனுப்பியிருக்கோமுங்களே.”

“அது எனக்குத்தானுங்க வருது...”

எதிர்முனையில் பேசிய பெண் போனை வைத்துவிட்டாள். அந்தப் பெண் கெட்டவளா? இல்லை. அடுத்தவர் விவரத்தை மாற்றினாலும் சொன்னாலும் அவளுக்கு வேலை போகும்.

சிம் வாங்கிய கடையில் கேட்டார். “பழைய ஆளு யாருன்னு எங்களுக்கே காட்டாதுக்கா.” அதுவும் நம் பாதுகாப்புக்குத்தான்.

அன்று மாலை போன் அடித்தது.

“வேலாயுதண்ணா, சங்ககிரி பட்டறைங்ணா. லாரி ரெடியாகி மழையில நிக்குது. எப்பத்தான் எடுப்பீங்க?”

இதே குரல் முன்பும் வந்தது. அப்போது சுகந்தி ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். நாம் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்?

“வைக்காதீங்க. இது இப்ப என் நம்பர். அவர் இன்சூரன்ஸ் முடியப் போகுதுங்க. கொஞ்சம் சொல்லிருங்க.”

“ஓ... அடுத்து ஓடிபி கேப்பீங்களாக்கும்?”

“எதுவும் வேண்டாங்க. அவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்...”

“போன வாரம்தாம்மா எம் மச்சான் இப்படி ஏமாந்தான். வேற ஆளப் பாரு.”

வைத்துவிட்டான். மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. அவனையும் குறை சொல்ல முடியுமா?

யோசித்துப் பாருங்கள்... நல்ல லாரியை ஒருவர் ஏன் மழையில் விட்டுவைப்பார்? போனுக்கு ஏன் ரீசார்ஜ் செய்யாமல் விடுவார்? எங்கோ படுத்துக் கிடக்கிறாரோ? அப்படியானால் அந்தக் காப்பீடு வேண்டியது இப்போதுதான்.

நம்மில் பாதிப் பேர் தொலைபேசித் துறை, பாதிப் பேர் காப்பீட்டுத் துறை. ஒவ்வொரு முறை விதி மாறும்போதும் அவரவர் மேசையைச் சரிபார்க்கிறோம். மேசை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மேசைக்கும் நடுவில் தரை இருக்கிறது... அங்கே விழுந்தவரை எந்த விதி பார்க்கும்? யாரும் தவறு செய்யாமலே ஒரு மனிதர் கைவிடப்படலாம். இதைத்தான் சொல்ல வந்தேன். விதியை எழுதுபவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: உங்கள் விதி முடிகிற இடத்தில் யார் நிற்கிறார்கள்?

சுகந்தி மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சங்ககிரி பஸ் ஏறினார்.