பாதிரிக்கு முழங்கால் வலி

என் சிக்கல் சின்னதுதான், ஆபீசர். என் மைத்துனன் ஹார்லனால் ஒரே மூச்சில் நாற்பது எட்டு நடக்க முடியும். நாற்பத்தொன்றாவது எட்டில் எது கிடைத்தாலும் அதன்மேல் உட்கார்ந்துவிடுவான். வில் வேட்டைக் காலம் தொடங்க இன்னும் நான்கே நாள். இப்படிப்பட்டவனை எல்க் மான் வேட்டைக்கு அனுப்புவது எப்படி? ஆகஸ்ட் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மரச்செருப்பின் அடியில் ஏன் எல்க் குளம்பை ஆணியடித்து வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். குளம்பு சட்டப்படி வந்ததுதான். சாலையில் வண்டி மோதிச் செத்த மானுடையது. உங்கள் வனவிலங்குத் துறை கொடுத்த அனுமதிச் சீட்டை நோரீன் பத்திரமாக வைத்திருக்கிறாள். நோரீன் என் மனைவி, ஹார்லனின் தங்கை. மற்றதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஹார்லன் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். மறுவாரமே புது வில்லோடு என் வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் போனால் எல்க் கிடைக்கும் என்று கேட்டான். நான் வேட்டையாடுவது ஹெரன் பள்ளத்தாக்கில். சமதரை, நல்ல நீரோடை, ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு வேட்டைக்காரர்கள் என்பது ஒரு கழிப்பறையில் இரண்டு பேர் மாதிரி. அதனால் எதிர்த்திசையில் இருக்கும் டெவர் முகட்டைக் கைகாட்டினேன். அங்கே தண்ணீர் கிடையாது. எல்க்கும் கிடையாது.

ஆனால் ஹார்லன் முட்டாள் இல்லை. ஜூலையிலேயே போய்த் தடம் பார்ப்பான். ஒன்றும் இல்லையென்றால் என் பின்னாலேயே வந்துவிடுவான். ஆகவே அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும்.

தடம் வைப்பது நினைப்பதைவிடச் சுலபம். எல்க் நடக்கும்போது பின்கால் ஏறக்குறைய முன்கால் தடத்தின் மேலேயே விழும். ஆக, நான்கு கால் வேலையை இரண்டு காலே செய்துவிடும். எடைதான் தொல்லை. பெரிய கொம்பன், அதாவது ஆண் எல்க், முந்நூற்றிருபது கிலோ இருக்கும், நான் எண்பத்திரண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நடக்கிற எல்க் எப்போதும் குறைந்தது இரண்டு காலில் நிற்கிறது, அப்படியானால் ஒரு குளம்புக்கு நூற்றறுபது. மனிதன் ஒரே காலில் மொத்த எடையையும் வைக்கிறான். முதுகில் நாற்பது கிலோ மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டால் நூற்றிருபத்திரண்டு. மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் நடந்தால் குளம்பு அச்சாகப் பதியும்.

எல்க் கொம்பைத் தேய்த்தது போல மரத்தை உரிக்க ஒரு மர அரம் போதும். எந்த உயரத்தில் பட்டை உரிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கொம்பன் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போடுவார்கள். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு உரித்தேன். குரலுக்கு ஒரு குழாய். கதவுக்கீல் கிறீச்சிடுவது போலத் தொடங்கி, சீட்டியாக உயர்ந்து, கடைசியில் கிழவனின் இருமலாக இறங்க வேண்டும். அந்த இருமல்தான் கஷ்டம். ஒரு குளிர்காலம் முழுக்கக் கார் கொட்டகையில் பழகினேன்.

அடுத்து வந்த செப்டம்பரில் ஹார்லன் சாப்பாட்டு மேசையில் கண் விரியச் சொன்னான்.

"சத்தியமா சொல்றேன் மாப்ளே, அந்தக் கொம்பன் ஞாயித்துக்கிழமை காலைல மட்டும்தான் வாயைத் திறக்குறான். பாதிரின்னே பேர் வெச்சுட்டேன்."

"மத்த நாள்ல என்ன பண்ணுமாம்?" என்றேன்.

"பிரசங்கம் தயார் பண்ணுவான். வேற என்ன?"

நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சனி வரைக்கும் விடுமுறை கிடையாது.

நோரீன் ரொட்டிக் கூடையை நகர்த்திவிட்டு, "இவர் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கே வர்றதில்லண்ணா. அந்த மானுக்காவது பக்தி இருக்கு" என்றாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஹார்லன் இளைத்தான், வெயிலில் நன்றாகக் கறுத்தான், ஒவ்வொரு குளிர்காலமும் பாதிரியைப் பற்றியே பேசினான். ஒரு மனிதனுக்கு நான் இதைக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரனின் வேட்டையைக் கெடுப்பது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. நான் கெடுக்கவில்லை. அவனுக்கு வேட்டை என்ற ஒன்று இருந்ததே என்னால்தான்.

முகட்டில் ஏறி இறங்கியே அவன் வலது முழங்கால் தேய்ந்தது. போன வருஷம் ஆகஸ்டில் வந்து சொன்னான்.

"மூணாம் தேதி ஆபரேஷன், மாப்ளே. புது மூட்டு. இன்னும் ஒரு வருஷம் இழுத்தா அப்புறம் வெச்சும் பிரயோஜனம் இல்லன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். இந்த வருஷம் பாதிரிக்கு லீவு."

"நல்ல முடிவு மச்சான்."

"அடுத்த வருஷம் உன்கூட ஹெரனுக்கே வந்துடறேன். அங்க தரை சமமாத்தானே இருக்கு?"

சமம்தான் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் மழை பெய்திருந்தது. பலசரக்குக் கடை வாசலில் ஹார்லனின் பின்னாலேயே நடந்து, ஈரத்தில் பதிந்த அவன் செருப்புத் தடத்தை அளந்தேன். நொண்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வலிக்கிற கால் மெல்லப் பதிகிறது, நுனி தரையில் இழுபடுகிறது. ஆனால் எட்டு குறுகுவது நல்ல காலுக்குத்தான். வலிக்கிற காலில் நிற்கப் பயந்து நல்ல கால் அவசரமாகக் கீழே இறங்கிவிடுகிறது. அவனுக்கு எட்டுக்கு ஒரு சாண் குறைந்தது. அந்த அளவை அப்படியே குளம்புக்குக் கொண்டுவந்தேன். முகட்டை விட்டுக் கீழே, ஆற்றோரச் சாலையை ஒட்டி நடந்தேன். அங்கே தரை சமம்.

இரண்டு நாளில் ஹார்லன் ஓடி வராத குறையாக வந்தான்.

"அவனும் நொண்டுறான் மாப்ளே. அதே வலது கால். மேட்டை விட்டு ஆத்தோரம் இறங்கிட்டான், பாவம். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி வேணாம்னுட்டேன். நான் மட்டும் புது மூட்டு போட்டுக்கிட்டு அவனைத் துரத்துறது நியாயமா?"

"நியாயமில்லதான்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். வேண்டுமானால் அவனையே கேட்டுப்பாருங்கள்.

போன வருஷம் முழுப் பருவமும் அவன் ஆற்றோரம் நடந்தான். இந்த வருஷம் நாற்பது எட்டு. டாக்டர் சொன்னபடியே காலம் தப்பிவிட்டது. நோரீன் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"நீங்க கடைசியா ஹெரனுக்குப் போனது எப்போ?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வருஷம். கொம்பனாக இருப்பது நேரம் தின்கிற வேலை. ஜூலையில் தடம், ஆகஸ்டில் மரம், செப்டம்பரில் குரல். நடுவில் சொந்தமாக வேட்டையாட எங்கே நேரம்? ஆனால் இடம் பத்திரமாக இருக்கிறது. அங்கே யாருமே போவதில்லை. அவளிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டது.

ஹார்லனோ அடுத்த யோசனையில் இறங்கிவிட்டான். ஹெரனுக்கு வண்டி போகுமா, ஓடைக்கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாமா என்று வியாழக்கிழமை கேட்டான். போகும், போடலாம். அதுதான் என்னை அவசரப்படுத்தியது.

இன்று ஞாயிறு. காலை ஆறு மணிக்கு ஹார்லன் வீட்டுக் கொல்லையில் என்னைப் பிடித்தீர்கள். கோடைக் கடைசியில் எல்க் ஊருக்குள் வந்து தோட்டத்து ஆப்பிளைத் தின்பது புதிதில்லை. புகார் எழுதி எழுதி உங்களுக்கே கை வலித்திருக்கும். அவன் சமையலறைக் கதவிலிருந்து அளந்து, தடம் பதித்து, ஒரு கிளையை உரித்து, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு முறை குரல் கொடுத்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. நாற்காலி இழுபட்டது. "வந்துட்டியாடா" என்று ஹார்லன் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். அவன் குரல் அவ்வளவு இளமையாக இருந்து நான் கேட்டதே இல்லை.

என் சிக்கலும் தீர்ந்தது. நாற்பது எட்டுக்கு மேல் நடக்க முடியாதவனுக்கு, எல்க்கை முப்பத்தைந்தாவது எட்டில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.